கரையின் கறுப்புத் தோல்

முத்தம்மாளிடம் ஒரு பிடி மணலைக் கொடுத்தால் போதும். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை இறுக்குவாள். விரல் தடம் பதிந்த அந்த உருண்டையை இரண்டாக ஒடிப்பாள். ஒடிந்த இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் மணல் சரி. உதிர்ந்தால் பசை போதாது. விரலில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். சென்னை பாடியில், இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் இருபத்திரண்டு வருஷம் இதைத்தான் செய்தாள். மணலைச் சோதிக்க அங்கே ஒரு மெஷின் இருந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்ள டிப்ளமோ படித்த ஒருவரும் இருந்தார். மெஷின் காட்டுவதற்கு முன்பே முத்தம்மாள் சொல்லிவிடுவாள் என்பதால் அவர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்.

அவள் வேலை பார்த்தது கோர் ஷாப்பில். இரும்பில் ஒரு வால்வு வார்க்கிறார்கள் என்றால் நடுவில் ஓட்டை வேண்டுமே, அந்த ஓட்டையின் அளவுக்கு மணலில் பசை கலந்து ஒரு கட்டை செய்து, சுட்டு, அச்சுக்குள் வைத்துவிட்டுத்தான் இரும்பை ஊற்றுவார்கள். அந்த மணல் கட்டைக்குத்தான் கோர் என்று பெயர். கோர் செய்வதில் பெரும்பாலும் பெண்கள்தான். பெண்களுக்குத்தான் கை பதமாக இருக்கும் என்று மேஸ்திரி சொல்வார். பெண்களுக்குத்தான் சம்பளமும் குறைச்சல் என்பதை அவர் சொல்வதில்லை.

பவுண்டரியை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோது முத்தம்மாளுக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த ஊருக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். முழங்கால் அப்போதே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. அண்ணனூரில் அவள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஏரிக்கரையை ஒட்டி நாலு பிளாக் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருந்தது. அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். கணவன் குணசேகரன் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகளைப் பூந்தமல்லி பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த ஏரிக்கு அரசாங்கக் காகிதத்தில் ஏதோ பெயர் இருக்கும். அக்கம்பக்கத்தில் சின்ன ஏரி என்றால்தான் தெரியும். கரையின் வடக்குக் கோடியில் அடுக்குமாடி. தெற்குக் கோடியில், கரைக்குக் கீழே, முத்தம்மாள் குடியிருக்கும் தெரு. மொத்தம் முப்பது வீடு. கரை தெருவைவிட இரண்டு ஆள் உயரம். எதிர்ப்பக்கம் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தெருக்காரர்கள் மழைக்காலத்தில் மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்வார்கள்.

கரை செம்மண் சரளை. தெருப்பக்கச் சரிவில் புல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். மீதி இடமெல்லாம் கறுப்பாக, காய்ந்த சொறி மாதிரி ஒரு படிவு. வெயில் காலத்தில் பார்த்தால் யாரோ கரிப்பொடியைத் தூவிவிட்டுப் போனதுபோல் இருக்கும். மழை பெய்தால் பச்சை அடிக்கும். புல் முளைத்திருக்கிறது என்று பேசாமல் போய்விடுவார்கள்.

வேறு ஊராக இருந்தால் யாராவது பாசி என்று சொல்லியிருப்பார்கள். இந்தப் பக்கம் அப்படி இல்லை. ஒரு காலத்தில் பவுண்டரிகளின் எரிந்த மணலை லாரி லாரியாகக் கொண்டுவந்து பள்ளங்களை நிரப்பியிருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்டினால் கறுப்பு மண் வரும். கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி அது கறுப்பாக வந்தால்கூட பவுண்டரி என்பார்கள். அதனால் கரைமேல் இருந்ததும் பவுண்டரிக் கழிவுதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஒரு ஆடி மாதம், அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் விக்ரமுக்கு ஒரு யோசனை வந்தது. விக்ரம் தேனிப் பக்கத்துப் பையன், ஐடியில் வேலை, நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களுக்கு வரும் யோசனைகளைத்தான் தடுக்க முடிவதில்லை. கரைமேல் நடைபாதை போட்டு, சரிவில் பூச்செடி வைத்து, காலையில் எல்லோரும் நடக்கலாம். அதற்கான அனுமதியும் வாங்கிவிட்டான். அந்தக் கறுப்புதான் இடித்தது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தொழிற்சாலைக் கழிவு இருக்கலாமா என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். அது கழிவுதானா என்று வேறொருவர் கேட்டார்.

"நம்ம முத்தம்மாக்கா பவுண்டரியில இருந்தவங்க. அவங்களையே கேட்டுடலாமே" என்றான் விக்ரம்.

வராந்தா துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்கள். நின்றுகொண்டு பேச வேண்டாம் என்று ஒரு நாற்காலி போட்டார்கள். இருபத்திரண்டு வருஷப் பவுண்டரியிலும் ஐந்து வருஷத் துப்புரவிலும் ஒரு கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. நாற்பது பேர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அக்கா, கரையில இருக்கிற கறுப்பு என்ன? பவுண்டரிக் கழிவுதானே?"

"ஆமா சார். எரிஞ்ச மண்ணுதான். அந்தக் காலத்துல லாரில கொண்டாந்து கொட்டினது."

"எடுத்துடலாமா?"

"எடுத்துட்டா நல்லது சார்."

அவள் அந்தச் சரிவில் ஏறிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. முழங்கால் இடம் கொடுப்பதில்லை. கீழே தெருவிலிருந்து தினமும் பார்ப்பதுதான். மணலைத் தொடாமல் ஒரு வார்த்தை சொல்லாதவள், அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள். கூட்டம் கை தட்டியது. வரும் தை மாதம் பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகிறார், அந்த இடத்துக்கு முத்தம்மாக்காதான் சரி என்று விக்ரம் அங்கேயே சொன்னான்.

சுரண்டும் வேலை தெற்குக் கோடியில், தெருவுக்கு மேலே ஆரம்பித்தது. அந்தப் பக்கம்தான் வண்டி வந்து மூட்டை ஏற்ற வழி இருந்தது. எட்டுப் பேர், மண்வெட்டியும் கொத்துக்கரண்டியும். முத்தம்மாள் கீழே நின்று மூட்டையை எண்ணினாள். கறுப்பு பொடிப்பொடியாக வரும் என்று நினைத்தார்கள். அது அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. அடியில் செம்மண் மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. எரிந்த மணல் அப்பளமாக வராது என்று முத்தம்மாளுக்குத் தெரியும். மனசின் ஓரத்தில் சுருக்கென்றது. வெயில் ஏறுகிறது, வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கரையின் நடுவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. தெற்கிலிருந்து அதுவரை சுரண்டி முடிப்பதற்குள் ஆடி போய்விட்டது. பிறகு தீபாவளி, ஆட்கள் ஊருக்குப் போனது, அது இது என்று வேலை அங்கேயே நின்றது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. சென்னைக்காரர்களுக்கு அது ஒன்றும் புதிது இல்லை. இரண்டாம் நாள் காலையில் தெருவுக்குள் வந்த தண்ணீர்தான் புதிது. அது சாக்கடை நிறத்தில் இல்லை. காவியைக் கரைத்து ஊற்றியதுபோல் செக்கச்செவேல் என்று, கெட்டியாக வந்தது. முத்தம்மாள் வீட்டில் கணுக்கால் அளவு. அடுத்த வீடு தாயம்மாவுடையது, தரை இன்னும் பள்ளம். அங்கே முழங்கால் அளவு.

தாயம்மா பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். விதவை. கார்த்திகை முகூர்த்தத்துக்காக ஒரு கல்யாண வீட்டின் பதினாலு பிளவுஸ் துணியைத் தரையில் விரித்து வெட்டி வைத்திருந்தாள். அத்தனையும் சேற்றில் ஊறிப்போயிற்று. தையல் மெஷினின் மோட்டாருக்குள்ளும் சேறு போய்விட்டது. பட்டுத் துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து மறுபடி சேற்றிலேயே போட்டாள். முத்தம்மாள் கூட நின்று பக்கெட்டில் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். அவள் அள்ளியது கரையை என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மேலே மணல் மூட்டை அடுக்கினார்கள். கரை உடையவில்லை. உடைந்திருந்தால் இந்தக் கதையை இப்படிச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சரிவில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்குத் தண்ணீர் வாய்க்கால் வெட்டிவிட்டது. மேல்விளிம்பே ஒரு முழம் இறங்கிவிட்டது.

யார்மேல் பழி போடுவது என்பதில் தெருவில் அபிப்பிராய பேதம் இருந்தது. பெருச்சாளி வளை என்றார்கள். பன்றி கிளறியது என்றார்கள். மேலே வாக்கிங் போகிறவர்கள் மிதித்தது என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முத்தம்மாளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் மழை விட்டதும், குடையை ஊன்றிக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டு, அவள் வடக்குப் படிக்கட்டு வழியாகக் கரைமேல் ஏறினாள்.

வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சை. புல் இல்லை. அந்தக் கறுப்புச் சொறிதான் தண்ணீர் குடித்துப் பூரித்துப் பச்சையாகியிருந்தது. சின்னச் சின்ன செதிலாக, மடிப்பு மடிப்பாக, மண்ணோடு அப்பிக்கொண்டு கிடந்தது. மழைத் தண்ணீர் அதன்மேல் ஓடவே இல்லை, நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் மழைக்கு ஒரு கீறல் இல்லை. இப்படியே நடந்து வேப்பமரம் வந்தாள். மரத்தைத் தாண்டியதும் முதல் வாய்க்கால். அதற்கப்புறம் தெருவின் கடைசி வீடுவரை கரை சதை கிழிந்து கிடந்தது. அவர்கள் மண்வெட்டியை எங்கே கீழே வைத்தார்களோ, அங்கேதான் மழையும் தன் வேலையை நிறுத்தியிருந்தது.

முத்தம்மாள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கை நீட்டி அந்தப் பக்கம் ஒரு துண்டு, இந்தப் பக்கம் ஒரு கட்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சுரண்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் அடுப்பு மேடையில் வைத்து உலர்த்தினாள். மறுநாள் மத்தியானம் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் சுரண்டிய பக்கத்துக் கட்டியையும், இன்னொன்றில் சுரண்டாத பக்கத்துத் துண்டையும் போட்டாள். பவுண்டரியில் பசை சரியில்லாத கோரை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். முதல் டம்ளரில் கட்டி மூச்சு விட்டதுபோல் நாலு குமிழி விட்டுவிட்டு, சோறு உண்ணும் நேரத்துக்குள் சேறாகக் கரைந்து உட்கார்ந்தது. இரண்டாவது டம்ளரில் அந்தத் துண்டு பச்சையாக மாறியது, கொஞ்சம் உப்பியது. அவ்வளவுதான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

சவாரி முடித்துச் சாப்பிட வந்த குணசேகரன் எட்டிப் பார்த்தான். "இன்னாடி இது, மண்ணுக்குத் தலைக்கு ஊத்தி உடுறியா?"

"ஒண்ணு கரைஞ்சிபோச்சி. ஒண்ணு கரையல பாரு."

"சரி. இப்ப அதுக்கு இன்னா?"

சாயங்காலம் முத்தம்மாள் டம்ளரிலிருந்து அந்தத் துண்டை வெளியே எடுத்து மெல்லப் பிய்த்துப் பார்த்தாள். நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் மண் பருக்கைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தன. இருபத்திரண்டு வருஷம் எண்ணெயும் பிசினும் போட்டுக் கலந்து, சுட்டு, அவள் மணலுக்கு எந்தப் பிடிமானத்தைக் கொடுத்தாளோ, அதை இது சும்மா கிடந்தே கொடுத்திருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து அவள் மறுபடி கரையில் நின்றபோது பி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் சபீனா அந்தப் பக்கம் நடந்து வந்தாள். சபீனா ஆம்பூர்க்காரி, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர்.

"டீச்சர், இது இன்னா? மண்ணா, செடியா?"

சபீனா குனிந்து பார்த்தாள். "லைக்கன்க்கா. பிரியாணியில கல்பாசி போடுவோம்ல, அதோட சொந்தக்கார ஜாதி. அது மரத்துலயும் பாறையிலயும் வளரும், இது மண்ணுல."

"வேர் இல்லியே."

"வேர் கிடையாது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் பண்ணுது. பூஞ்சை ஊடு கட்டும், பாசி வெயில்ல சமைக்கும். பூஞ்சையோட இழைதான் மண்ணைப் பிடிச்சு வெக்குது. இதுல சில வகை காத்துல இருக்கிற தழைச்சத்தைக்கூட மண்ணுக்குள்ள இறக்கும். புல்லே வராத இடத்துல இதுதான் முதல்ல வந்து உட்காரும்."

"சுரண்டிட்டா எத்தினி நாள்ல திரும்ப வரும்?"

"நாளா? வருஷம் கேளுங்க. பத்து ஆகலாம், இருபது ஆகலாம். மிதிச்சாலே போயிடும்."

முத்தம்மாள் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்து, "ஆடி மாசம் சுரண்டும்போதே இத்த சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள்.

சபீனாவுக்கு முகம் சுருங்கியது. "எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. பவுண்டரி மண்ணுன்னு நீங்களே சொன்னீங்கன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்க்கா."

பவுண்டரியில் கொதிக்கும் இரும்பு ஒருமுறை முத்தம்மாளின் புறங்கையில் தெறித்திருக்கிறது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைவிட இது சுட்டது. படித்தவளின் வாயை அடைத்தது முத்தம்மாளின் வார்த்தை.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் அந்தச் செதிலைச் சுரண்டியதன்மேல் இல்லை. இருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் சேர்த்துத்தான் கொத்தினார்கள். மழையும் கொஞ்சம் அதிகம். ஆனால் முத்தம்மாள் தன்னோடு வழக்காடிப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேப்பமரம் சாட்சிக்கு வந்து நின்றது.

தை பிறந்ததும் சங்கத்தின் கூட்டம். விக்ரம் படமெல்லாம் எடுத்து வந்து திரையில் காட்டினான். வாய்க்கால் விழுந்த படங்கள். அவன் முடிவு தெளிவாக இருந்தது. தொழிற்சாலைக் கழிவைக் கொட்டிய கரை பலவீனமாகிவிட்டது, அதனால்தான் அரித்தது. வேப்பமரத்துக்கு வடக்கே மிச்சமிருக்கும் கறுப்பையும் எடுத்துவிட்டு நல்ல மண் போட வேண்டும். ஆள் வைத்தால் இழுக்கும், ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை வருகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பொய்யான ஒரு வார்த்தையை அடியில் வைத்தால் அதன்மேல் எவ்வளவு நியாயம் வேண்டுமானாலும் அடுக்கலாம்.

அதே கூட்டத்தில்தான் முத்தம்மாளைச் சூப்பர்வைசராக அறிவிக்கப் போகிறார்கள். புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். கையில் ஒரு கூடை. கூடைக்குள் இரண்டு டம்ளர், இரண்டு பொட்டலம். வரும் வழியெல்லாம் அவள் யோசித்தது ஒன்றுதான். சொன்னால் வேலை உயர்வு போகும். அது போனாலும் போகிறது. இவள் சொல்லித்தான் சுரண்டினார்கள் என்பது தெருவுக்குத் தெரிந்துபோகும். முப்பது வீட்டிலும் சேறு அள்ளியவர்கள் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஜேசிபி வரும். அடுத்த கார்த்திகைக்கு அந்த முப்பது வீடும் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா. உக்காருங்க முதல்ல."

"வேணாம் சார், நிக்கிறேன்." மேஜைமேல் டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு துண்டையும் போட்டாள். "இது சுரண்டின எடத்து மண்ணு. இது சுரண்டாத எடம். கொஞ்ச நேரம் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் மேஜையைச் சுற்றி வந்து நின்றன. ஒன்று கரைந்தது. ஒன்று கரையவில்லை, பச்சையானது. ஒரு பெரியவர், "ரெண்டு டம்ளரை வெச்சு ஒரு கரையை முடிவு பண்ண முடியுமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். சபீனா பின்வரிசையிலிருந்து எழுந்து, அது பவுண்டரிக் கழிவு இல்லை, உயிருள்ளது, அதுதான் கரையைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சொன்னாள். கூட்டம் சலசலத்தது. விக்ரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"அக்கா, அன்னிக்கு நீங்கதானே எரிஞ்ச மண்ணுன்னு சொன்னீங்க?"

"ஆமா சார். நான்தான் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க? எடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல சார். தொட்டுக்கூட பாக்கல." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அத்தினி பேரு முன்னால நாற்காலி போட்டு உக்கார வெச்சி கேட்டீங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வர்ல."

யாரும் கை தட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அந்த அறையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆபீஸில் தினமும் அப்படி ஒரு நாற்காலியில் உட்காருகிறவர்கள். அவர்கள் தங்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஜேசிபி வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். ஏரிகளைப் பார்க்கும் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர் வடக்குப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்றார். தெற்குப் பக்கம் வாய்க்கால்களை அடைத்து, தென்னை நார் விரிப்பு போட்டு, புல் நடச் சொன்னார். நடைபாதை கரையின் உச்சியோடு நின்றது, சரிவில் பூச்செடி வைக்கவில்லை. சூப்பர்வைசர் வேலை, கூடத் துப்புரவு வேலை பார்க்கும் ரேவதிக்குப் போயிற்று. ரேவதி முத்தம்மாளைவிட இருபது வயது சின்னவள், சுறுசுறுப்பானவள். அதில் முத்தம்மாளுக்கு வருத்தம் இருந்தது. ஒரு வாரம் அவள் ரேவதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அப்புறம் கூப்பிட்டாள்.

இதற்கெல்லாம் முன்பே தாயம்மாவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே, விஷயம் வேறு யார் வாயிலாவது போய்ச் சேருவதற்குள், அடுத்த வீட்டுக்குப் போனாள். தாயம்மா மோட்டார் இல்லாத மெஷினைக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுக்காரர்களுக்குத் துணிக்கு ஈடு கொடுத்த பிறகு மோட்டார் வாங்க முடியவில்லை.

"தாயம்மா, கரை அரிச்சது பெருச்சாளியால இல்ல. என்னாலதான். நான் சொல்லித்தான் சுரண்டுனாங்க."

தாயம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. முத்தம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம், நாற்காலி, அப்பளமாக வந்தபோது மனசு சுருக்கென்றது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது தாயம்மா பிளவுஸின் ஒரு கையைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இத்த இப்ப எங்கிட்ட ஏன் சொல்ற?"

"வேற யாராச்சும் சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னு."

"கேட்டுட்டேன். போ."

அதோடு பேச்சு நின்றது. மாசி, பங்குனி, சித்திரை. குழாயடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. தெருவில் சிலர் ஜாடை பேசினார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள், முத்தம்மாள் ஆமாம் என்றாள். குணசேகரன், "அவனவன் கொலை பண்ட்டு கம்னு கீறான். நீ ஊட்டுக்கு ஊடு போய் சொல்லிகினு வர்ற" என்று புலம்பினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கரைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. நார் விரிப்புக்கு ஓரமாக வேலிக்கருவை முள்ளை வெட்டிப்போட்டாள், ஆள் ஏறாமல் இருக்க. புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வடக்குப் பக்கத்தில் கால் வைக்காமல் உச்சியில் நின்றே பார்த்தாள். தெற்கே செம்மண் வெறுமையாகத்தான் கிடந்தது. இருபது வருஷம் என்றால் அவளுக்கு எழுபத்தைந்து. அந்தக் கணக்கை அவள் ஒருமுறைதான் போட்டாள்.

வைகாசியில் ஒரு காலை. வேலைக்குப் போகுமுன் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு யாரோ கூப்பிட்டார்கள். குரல் தெரிந்ததும் கையில் பிடித்த துணியோடு அப்படியே நின்றாள்.

"ஏ முத்தம்மா. உள்ளதான் கீறியா?"

"கீறேன். சொல்லு."

"உன் மண்ணு மேல மாடு ஏறிகினு கீது. ரெண்டு மாடு. முள்ளை எவனோ தூக்கி அப்பால போட்டுட்டு போய்க்கீறான்." தாயம்மா கழுத்தில் இஞ்சு டேப் தொங்க, கையில் ஒரு குச்சியோடு நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை. "நான் ஒருத்தி எத்தினிதான் ஓட்டுவேன்? நேத்தும் நான்தான் ஓட்டினேன். முந்தாநாளும் நான்தான்."

முத்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தாள். தாயம்மா முன்னால் நடந்தாள், முழங்கால் வலிக்காரிக்கு ஏற்ற மாதிரி மெதுவாக.